பூப்பந்துக்குள் ஒரு பேனா

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரவே கூடாது. போகிற இடத்திலெல்லாம் சேலையை விலக்கி வயிற்றில் ஊசி குத்திக்கொள்ளச் சொல்கிற வியாதி அது. எனக்கோ பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லவே வாய் வராது. (ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருவேன். சர்க்கரைக்கு நல்லதாம்.)

பேனா மாதிரியே இருக்கும் ஊசியான இன்சுலின் பேனாவோடு நான் முதன்முதலில் வெளியே கிளம்பியது, என் மகன் செல்வத்துக்காகப் பெண்ணுக்குப் பூ வைக்கப் போன அன்றுதான். பெண் வீடு மேற்கு மாம்பலம். நல்ல கத்திரி வெயில். எத்தனையோ இடம் பார்த்துத் தட்டிப்போய், கடைசியாக அமைந்த சம்பந்தம். மாமியார்க்காரி ஊசி போடுகிறவள், பரம்பரை வியாதி என்று இதுவும் கையைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டே ஆக வேண்டும்.

வெயிலில் மருந்து கெட்டுவிடும். ஐஸில் வைக்கலாமென்றால், ஏற்கெனவே ஒரு பேனாவை ஃப்ரீஸரில் வைத்துக் குச்சி ஐஸாக்கி, நர்ஸம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். "உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதாம்மா. குளுகுளுன்னு இருந்தா போதும்" என்றிருந்தார்.

வெயிலில் குளுகுளுவென்று, ஆனால் உறையாமல் எது போகும்? மல்லிகைப்பூ! பேனாவை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதன் மேல் பூச்சரத்தைப் பந்தாகச் சுற்றி, ஈரத்துணி, வாழையிலை வைத்துக் கட்டினேன். பெண்ணுக்கு வைக்க வேறு பொட்டலம். (ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்றால் சும்மாவா?)

நான், என் வீட்டுக்காரர், நாத்தனார் கமலா மூவரும் ஆட்டோவில் போனோம். தேனாம்பேட்டை சிக்னலில் நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். பேனா மட்டும் ஊட்டியில் இருந்தது.

பெண் வீட்டில் கமலா என் மடியிலிருந்த பேனாப் பொட்டலத்தைப் பிடுங்கினாள்.

"கமலா, அது..." என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"இன்னா அண்ணி, கெட்டியா புட்ச்சிக்கினு கீற? பூவு பொண்ணுக்கா, உனுக்கா?"

பெண்ணின் பின்னால் நின்று கமலா சரத்தைப் பிரிக்கப் பிரிக்க எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. கடைசிச் சுற்றில் பேனா நழுவி, குங்குமத் தட்டில் டொக்கென்று விழுந்தது.

"பேனா எதுக்குடி? கையெழுத்து வாங்கப் போறாங்களா?" என்று யாரோ ஒரு அம்மாள் கேட்டாள்.

பெண்ணின் அப்பா அதைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "யாருது இது?"

என் வீட்டுக்காரர் உடனே என்னைக் கை காட்டினார். (தாலி கட்டிய கை!) சம்பந்தம் போச்சு என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"எத்தினி யூனிட்டு சம்பந்தி?" என்றார் அவர்.

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இவுரும் ஊசிதாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மருந்தைக் கொண்டும்போய் பக்கத்து வூட்டு ஃப்ரிட்ஜுல ஒளிச்சு வெச்சேன். அந்தம்மா பூட்டிக்கினு தி.நகருக்குப் புடவை எடுக்கப் போயிட்ச்சு!"

சம்பந்தி என் பேனாவை ஏக்கமாகப் பார்த்தார்.

"அப்பா! அடுத்தவங்க பேனாவைப் போட்டுக்கவே கூடாது. அத்தைகிட்ட குடு!" என்று மணைமேல் இருந்த பெண் அதட்டினாள். பாதிப் பூ தலையில், மீதி கமலா கையில். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவரைப் பட்டினி போட்டுவிட்டுச் சாப்பிட எனக்கு மனசில்லை. பக்கத்து வீட்டம்மாள் புடவைப் பைகளோடு வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் வடைக்கும் பாயசத்துக்கும் காவல் இருந்தோம்.

அந்தப் பெண் வித்யாதான் இப்போது என் மருமகள். தண்ணீரில் நனைத்தால் குளிர்ச்சியாகவே இருக்கும் பை ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள். பேனா அதில்தான் போகிறது. ஆனாலும் நான் வாசல் தாண்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்: "ஏய், பூ எடுத்துக்கினியா?"

இந்த வயதிலும் பெண்டாட்டி பூ இல்லாமல் போனால் மனுஷனுக்குத் தாங்காது என்று தெருவில் அவருக்கு ஏகப்பட்ட நல்ல பெயர். எதிர்வீட்டுக்காரி இவரைக் காட்டித்தான் தன் புருஷனோடு சண்டை போடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு முழம் வாங்கித் தந்ததில்லை இந்த மனுஷன். போய் உண்மையைச் சொல்லலாம்தான். வாய் வர வேண்டுமே!