போனில் கடித்துக் காட்டிய வாழைக்காய் வறுவல்

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் கையெல்லாம் வாழைக்காய்க் கறை, முழங்கையில் எண்ணெய்க் கொப்புளம், வயிற்றில் எரிச்சல். ஆகவே இங்கு ஓரளவு நலம் என்று வைத்துக்கொள்ளவும். அங்கு நீங்களும், உங்கள் துணைவியாரும், குழந்தைகளும், முக்கியமாக உங்கள் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் அக்காவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்களுக்கு இருப்பது ஒரே அக்கா, எனக்கு இருப்பதும் ஒரே மனைவி, எனவே இது நம் இருவருக்கும் பொதுவான பிரச்சினை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். இத்துடன் வரும் டப்பாவைத் திறக்கும் முன் கடிதத்தை முழுதாகப் படிக்கவும்.

நடந்ததை உங்கள் அக்கா சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பாதி உண்மை, மீதிப் பாதி அதைவிட உண்மை. அன்று மாடி வீட்டு டைலர் சும்மா பேசிக்கொண்டிருக்க வந்தார். உங்கள் அக்கா வாழைக்காய் வறுத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒன்றை எடுத்து அழுத்தினேன். உடையவில்லை, மடிந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். "டைலரே, இதுக்கு ஓரம் அடிச்சுக் கொடுத்தா கைக்குட்டையா வச்சுக்கலாம்" என்றேன். அவர் சிரித்தார். ஒரு மனிதர் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது என்பது உங்களுக்குத் தெரியும். "தேக்கையே முடி மாதிரி சீவுறவன் நான், வாழைக்காய் எனக்கு எம்மாத்திரம்" என்று மேலும் அளந்தேன். உங்கள் அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அப்படியா? சரி, நீங்களே வறுங்க. நீங்க வறுத்தது என் காதுல மொறுக்குன்னு கேட்டாத்தான் நான் இந்த வீட்டுப் படி ஏறுவேன்" என்றாள். சொன்ன சூட்டோடு பஸ் ஏறிவிட்டாள். போகிறவள் சும்மா போகவில்லை, காய் சீவுகிற கட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். எதிரி கையில் ஆயுதம் இருக்கக் கூடாதாம்.

சரி, கட்டை இல்லாவிட்டால் என்ன, பட்டறையில் மரம் சீவுகிற இழைப்புளி இல்லையா என்று அதை எடுத்துவந்தேன். முதலில் தோல் சீவினேன். வாழைக்காய் அழும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை மச்சான். பால் பாலாக வடிந்து விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது, துடைத்த வேட்டி கறுத்துப்போச்சு. கையில் பிசின் பிடித்தால் எங்கள் தொழிலில் டர்பண்டைன் போட்டுத் துடைப்போம், அதே பழக்கத்தில் துடைத்தேன். அந்தக் கையோடு காயைத் தொட்டதில் முதல் காய் முழுக்க புது அலமாரி வாசனை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மரத்தை அசையாமல் இறுக்கும் மேசைப் பிடியில் இழைப்புளியை மல்லாக்க இறுக்கி, அடுத்த காயை அதன் மேல் ஓட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, என்ன ஒரு சீவல். ஒரு சுருளை எடுத்துப் பேப்பர் மேல் வைத்தால் கீழே இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். ஆனால் இழைப்புளியின் வாயில் பழைய மரச் சுருள் கொஞ்சம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதுவும் கலந்துவிட்டது. வறுத்தபின் டைலரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக மென்று பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் ஒன்றைக் கடித்துக் கண்ணை விரித்தார். "அண்ணே, இதுதாண்ணே பதம். இப்படியே மத்ததும் வந்திடுச்சுன்னா அக்கா பறந்து வந்திடுவாங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். வேங்கை மரம்.

மறுநாள் நிதானமாக யோசித்தேன். ஈர மரத்தில் வார்னிஷ் அடித்தால் பிடிக்காது, உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் காயை எண்ணெயில் போட்டாலும் அதே நியாயம்தானே? சீவிய சுருளையெல்லாம் கூடத்தில் துணி விரித்துப் பரப்பினேன், மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டேன். நான்தான் அவற்றைப் பேப்பர் மாதிரி சீவியிருக்கிறேனே. ஒரு நொடி படபடவென்று அடித்துக்கொண்டு அத்தனையும் கிளம்பிவிட்டன. சுவரில், கண்ணாடியில், சீலிங்கில், தொலைக்காட்சியில் என்று அந்தப் பிசின் எங்கே பட்டதோ அங்கே ஒட்டிக்கொண்டது. மாமனார் படத்தில் சரியாக ஒரு கண்ணில் ஒன்று ஒட்டி, அவர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பது போல இருக்கிறார். உயிரோடு இருந்தபோது என்னைப் பார்த்து ஒரு நாளும் சிரிக்காத மனிதர். எடுக்க மனசு வரவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன், மன்னிக்கவும்.

அப்புறம் உப்பு விஷயம். வறுபடும்போதே உப்புத் தண்ணி தெளிக்கணும், அப்பத்தான் உள்ளே பிடிக்கும் என்று டைலர் ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தெளிக்கணும் என்றுதான் சொன்னார், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனா எவ்வளவுன்னு சொல்லலையே? நான் ஒரு டம்ளர் கரைத்து அப்படியே ஊற்றினேன். மச்சான், அதுக்கப்புறம் அடுப்படியில நடந்ததை எழுத எனக்கு வார்த்தை இல்லை. வாணலி ஓவென்று கத்துது, எண்ணெய் பொங்குது, நான் பலகையைக் கேடயமாப் பிடிச்சுக்கிட்டுக் கையை நீட்டி அடுப்பை அணைக்கப் பார்க்கிறேன், கேஸ் குமிழி வழுக்குது, டைலர் எங்கேன்னு பார்த்தா அவர் மேசைக்கு அடியில உட்கார்ந்து "அணைங்கண்ணே, அணைங்கண்ணே"ன்னு எனக்கு யோசனை சொல்றாரு. ஒருவழியாக அணைத்தேன். அடுப்படிச் சீலிங்கில் இப்போது எண்ணெய்ப் புள்ளிகள், கூடத்துச் சீலிங்கில் சீவல்கள். மழைக்காலத்து வானம் மாதிரி அண்ணாந்து பார்க்கவே பயமாக இருக்கிறது.

இத்தனை பட்டும் ஒரு ஈடு நன்றாக வந்தது என்றால் நம்புவீர்களா? பொன்னிறம். தொட்டால் கலகலவென்று சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மொறுமொறுப்பு போய்விடக் கூடாதே என்று சுடச்சுட எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடியை அழுத்தி இறுக்கி, அதற்கு மேல் ஒரு துண்டையும் சுற்றி வைத்துவிட்டு, குளித்து, தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உங்கள் அக்காவுக்குப் போன் செய்தேன். "கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக் கடித்தேன். "என்ன, தலையணையைக் கடிக்கிறீங்களா?" என்றாள். ஆவி உள்ளேயே அடைந்து அத்தனையும் வெந்த காயாக வதங்கிக் கிடந்தது. பிறகு தினமும் வறுத்தேன், தினமும் போனில் கடித்தேன். ஒரு நாள் "நனைஞ்ச அட்டை" என்றாள், ஒரு நாள் "செருப்பு" என்றாள். அது தீர்ப்பா திட்டா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

இனி எழுதப்போவதை உங்கள் துணைவியாருக்குச் சொல்ல வேண்டாம். பொறுக்க முடியாமல் நேற்று நான் ஒரு குறுக்குவழியில் இறங்கினேன். பட்டறையில் கிடந்த மெல்லிய தேக்குச் சிராய் ஒன்றை எடுத்துவந்து, போனுக்குப் பக்கத்தில் பிடித்து மொறுக்கென்று ஒடித்தேன். வாயையும் மெல்வது மாதிரி அசைத்தேன், போனில் அது தெரியாது என்றாலும் ஒரு நேர்மைக்காக. உங்கள் அக்கா உடனே சொன்னாள்: "அது வாழைக்காய் இல்லை, தேக்கு. அதுவும் நல்லாக் காய்ஞ்ச தேக்கு. உங்களோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவகிட்டயே வேலையைக் காட்டுறீங்களா?" வைத்துவிட்டாள். மரத்தின் பெயரைச் சத்தத்தில் சொல்ல என் பட்டறையில் ஓர் ஆள் கிடையாது மச்சான். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆகவே கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், டப்பாவில் இருப்பவை இன்று காலை வறுத்து, ஆறவிட்டு, அப்புறம் மூடியவை. கையில் எடுத்தால் மடியவில்லை. ஆனால் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும். ஒருவேளை நமத்திருந்தால், உங்கள் அக்கா அடுத்த அறையில் இருக்கும்போது நீங்கள் ஓர் அப்பளத்தை நொறுக்கி, "அடடா, அத்தான் கை அத்தான் கைதான்" என்று சத்தமாகச் சொல்லவும். அப்பளமும் உடன் வைத்திருக்கிறேன். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. காபியில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று கேட்கக்கூட ஆளில்லாமல் தினமும் இரண்டு தடவை போட்டுக் குடிக்கிறேன். அவளை எப்படியாவது அனுப்பிவைக்கவும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, வாயைத் திறக்கும் முன் ஒரு முறை யோசிக்கிற அறிவோடு பல்லாண்டு வாழ என் ஆசி.

இப்படிக்கு,
வறுத்தும் வறுபட்டும் கிடக்கும்
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது போன் அடித்தது. உங்கள் அக்கா. நான் அவசரமாக ஒரு வறுவலை எடுத்து வாயில் வைத்தேன். "முதல்ல அதைத் துப்புங்க" என்றாள். துப்பினேன். "தினமும் போனைப் போட்டுக் கடிச்சுக் கடிச்சுக் காட்டுறீங்க. ஒரு நாளாவது வீட்டுக்கு வான்னு கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன் மச்சான். கூப்பிடவே இல்லை. "வா" என்றேன். "சாயங்காலப் பஸ்ஸுக்கு வரேன்" என்றாள். ஆகவே மேலே கண்ட அனைத்தையும் எழுதாததாகக் கருதி, டப்பாவைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடவும், பல் ஜாக்கிரதை. இப்போது என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: கூடமும் அடுப்படியும் இருக்கிற கோலத்தில் அவள் பார்த்தால் அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவாள், எனவே காய்ச்சல், வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லி நீங்கள் படுத்துக்கொண்டு, அவளை நாளை வரை அங்கேயே பிடித்து வைக்கவும். இல்லை, வேண்டாம். இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அவள் திட்டிக்கொண்டே ஏணியைப் பிடிக்கட்டும், நான் ஏறிச் சுரண்டுகிறேன்.