கட்டைவிரல் கண்ணேறு

ஊரே அந்த மாடி அறையில்தான் கிடந்தது. படிக்கட்டில்கூட நிற்க இடமில்லை. சும்மாவா? ரத்த ஜோசியர் ஒரே துளியைப் பார்த்து, யார் கண் பட்டது என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாராம்! டாக்டர்கள் எல்லாம் பாவம், படித்துக் கெட்டவர்கள்.

ஆய்வுக்கூடத்தில் பதினேழு வருடமாக ரத்தம் பார்க்கும் தங்கைக்கு வயிறு எரிந்தது. அக்கா நான்கு நாளாகச் சர்க்கரை மாத்திரையைத் தொடவில்லை. தலைசுற்றல் வேறு.

"கண்ணேறு கழியிறவரைக்கும் மாத்திரை கூடாதுன்னு சொல்லிட்டாருடி!" என்று ஒற்றைக்காலில் நின்றாள். கெஞ்சிப் பயனில்லை என்று தங்கையும் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

ஜோசியர் அக்காவின் துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடி, நுண்ணோக்கியில் செருகினார். பெரிய திரையில் சிவப்பணுக்கள் தெரிந்தன. திடீரென்று ஓட்டம் பிடித்தன. இரண்டு காற்றுக்குமிழிகளுக்கு நடுவே இருந்த சந்தில் புகுந்து, நெளிந்து, நீண்டு போயின.

"பார்த்தியாம்மா? கண்ணு பட்ட ரத்தம். எப்படித் துடிக்குது பாரு!"

அக்கா அழுதேவிட்டாள். அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அணுக்கள் நின்றன, வட்டமாகின. ஆகா, அற்புதம்! கூட்டம் புல்லரித்துப் போனது.

தங்கை திரையைப் பார்க்கவே இல்லை. ஜோசியரின் கட்டைவிரலைப் பார்த்தாள். அது அப்போதுதான் சில்லின் ஓரத்திலிருந்து விலகியது.

"ஐயா, உங்க ரத்தத்தையும் காட்டுங்களேன். சுத்தமான ரத்தம் எப்படி இருக்கும்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

உச்சி குளிர்ந்து விரலை நீட்டினார் மனிதர். தங்கையே புது ஊசியால் குத்தி, தங்கையே சில்லால் மூடி, ஓரத்தை லேசாக அழுத்தினாள். அணுக்கள் குமிழிச் சந்தில் புகுந்து நெளிந்தன, நீண்டன.

"அடடா! ஐயாவுக்கே கண்ணு பட்டிருக்கே!"

ஜோசியருக்கு வியர்த்தது. தங்கை உரக்க மந்திரம் ஓதினாள்: "ரெண்டு சட்டை, ஒரு போர்வை, நாலு தலையணை உறை..." விரலை எடுத்தாள். ஓட்டம் நின்றது. அணுக்கள் வட்டமாகின.

"சலவைத் துணிப் பட்டியலுக்கே கழிஞ்சுடுச்சே! அழுத்தினா ஓடும். சந்துல புகுந்தா எல்லார் அணுவும் நெளியும், வெளிய வந்தா தானா நிமிரும். நெளியலேன்னாதான்க்கா வியாதி!"

சிரிப்பில் அறை அதிர்ந்தது. ஜோசியர் அவசரமாகச் செருப்பைத் தேடினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "தண்ணி குடுடி" என்று தங்கை கொண்டுவந்திருந்த மாத்திரையை வாங்கி விழுங்கினாள். தங்கைக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வாசலில் ஒருவர் தங்கையை மடக்கினார். "அப்போ இனிமே கண்ணேறு நீங்கதான் எடுப்பீங்களாம்மா? டோக்கன் எங்க வாங்கணும்?"

"மண்டைக்குள்ளயும் கொஞ்சம் ரத்தத்தை ஓட விடுங்கண்ணே," என்றாள் தங்கை. "ஒண்ணும் ஆயிடாது."