கொரில்லாவுக்குக் கொண்டுபோன சளி

ஏலக்காய் வியாபாரி வாயைத் திறந்தால் பாதி பொய் என்று போடியில் சொல்வார்கள். எங்களைப் பிடிக்காதவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு அது. மீதிப் பாதியும் பொய்தான்.

முப்பது வருடம் இப்படிப் பிழைத்தவன், போன வருடம் உகாண்டா காட்டில் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி செல்வி பெரியகுளத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கொரில்லாவைக் காட்டில் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவளது இருபது வருட ஆசை. (எனக்கு அப்படி ஆசையெல்லாம் இல்லை. ஆனால் அவள் பார்த்து நான் பார்க்காமல் வந்தால் கடைவீதியில் தலைகாட்ட முடியுமா?) மகனுக்கு அந்த நாட்டில் வேலை கிடைத்ததும் எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டான். காட்டுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது எனக்குச் சளி பிடித்தது.

அன்று காலை கைடு அம்மா எங்கள் எட்டுப் பேரையும் நிற்கவைத்து விதிகளைச் சொன்னார். பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, எதையும் தின்னக் கூடாது. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் இங்கேயே நின்றுவிட வேண்டும். கொரில்லா நமக்கு அவ்வளவு நெருங்கிய சொந்தமாம். நமக்கு வெறும் தும்மலாக வருவது அதன் குடும்பத்தையே கொன்றுவிடுமாம். யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். நான் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு மற்ற ஏழு பேரையும் சந்தேகமாகப் பார்த்தேன்.

மூன்று மணி நேரம் சேற்றில் ஏறினோம். மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு ஏற்றமா என்று கிளம்பும்போது அளந்திருந்தேன். பாதிக்கு மேல் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஒருவழியாகக் கைடு கையைக் காட்டி நிறுத்தினார். புதருக்கு அந்தப் பக்கம் கொரில்லாக்கள் இருந்தன. பைகளை வைத்துவிட்டு மாஸ்க்கைப் போடச் சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தும்மினேன், மூன்று முறை.

சளியா என்று கைடு கேட்டார். நான் அசரவில்லை. தூசி அலர்ஜி, ஏலக்காய்த் தூசி, முப்பது வருடத் தொந்தரவு என்று என் ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன்.

"இங்கன ஏலக்காய் எங்க இருக்கு?" என்றாள் செல்வி.

கைடுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்னை விட்டுவிட்டு அவளிடம் விசாரித்தார். ஒரே ஒரு 'ஆமாம்' போதும். கட்டிய புருஷனுக்காக அதுகூடச் சொல்ல மாட்டாளா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். இரண்டு நாளாகச் சளி, நேற்றிலிருந்து காய்ச்சலும் என்று அவள் நல்ல ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லிருவீகன்னு காலையில இருந்து பாத்துக்கிட்டே வாரேன்."

என்னைக் கூட வந்த வனக் காவலர் ஒருவரோடு கீழே அனுப்புவது என்று முடிவானது. புருஷன் திரும்பினால் பெண்டாட்டியும் கூடவே வருவாள் என்ற நம்பிக்கையில் அவளுடைய பையையும் சேர்த்துத் தோளில் மாட்டினேன்.

"பைய வச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் இறங்கி வந்தபோது நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"குட்டி ஒண்ணு ஆத்தா மடியில மூக்கத் தேச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. நம்ம பேத்தி மாதிரியே. அதுக்குப் போயி சளியக் கொண்டு போனீகளே."

அதுவரை கோபம்தான் இருந்தது. அப்போதுதான் வெட்கமாக இருந்தது.

நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் கதை வந்து சேர்ந்துவிட்டது. இப்போது மாத்திரை போட்டுவிட்டேன் என்று நான் சொன்னால்கூட வீடு மொத்தமும் செல்வியைத் திரும்பிப் பார்க்கிறது. போன வாரம் ஒரு வியாபாரி, சரக்கு நன்றாகக் காய்ந்ததா என்று கடைக்கு வந்து கேட்டார். அப்பளமாகக் காய்ந்திருக்கிறது என்றேன். மூட்டைகள் எங்கள் வீட்டு மாடியில் கிடந்தன. அவர் என் பதிலைக் காதிலேயே வாங்காமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஈரம் இருக்குண்ணே" என்றாள் செல்வி.