வட்டத்துக்குள் வாத்தியார்

பாங் கிசூ அந்த வருஷம் ஒரு சபதம் எடுத்தார். செத்தாலும் முட்டைகோஸைத் தொடுவதில்லை.

நவம்பர் பிறந்துவிட்டால் தேஜான் நகரத்துப் புருஷன்மாருக்குத் தூக்கம் பிடிக்காது. குளிர்காலம் முழுக்கத் தின்ன வேண்டிய கிம்ச்சி என்னும் காரமான கோஸ் ஊறுகாயை வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடி ஒரே நாளில் போட்டு முடிப்பார்கள். பெண்கள் என்பது சும்மா பேச்சுக்கு. கோஸ் மூட்டை தூக்குவது யார்? பூண்டு உரிப்பது யார்? போன வருஷம் வளைந்த இடுப்பு கிசூவுக்கு இன்னும் முழுசாக நிமிரவில்லை.

இந்த வருஷம் கடவுள் கண் திறந்தார். இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு சின்ன நிறுவனம், வரலாற்று வாத்தியாரான அவருக்குச் சனிக்கிழமை நேரலை வகுப்பு கொடுத்தது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யலாம். பெரிய வரைபடத்துக்கு முன்னால் முழு உருவமாக நின்று பேசலாம். இல்லையென்றால் பாடம் திரை முழுக்க விரிய, மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் தலையை மட்டும் காட்டலாம்.

கிசூ யோசிக்கவே இல்லை. முழு உருவம்தான். உச்சி முதல் பாதம் வரை கேமராவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் கையில் எவள் பூண்டைத் திணிப்பாள்?

"ஜாங்மி, சனிக்கிழமை என்னை எதிர்பார்க்காதே. நாள் பூரா நின்னுக்கிட்டே பாடம்."

"அன்னிக்குத்தானேங்க கிம்ச்சி? தங்கச்சிங்க ரெண்டு பேரும் வர்றாங்க."

"நான் என்ன பண்றது? சரித்திரம் கூப்பிடுது."

"கூப்பிட்டா போகத்தான் வேணும்" என்றாள் ஜாங்மி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபத்தில் எதற்கும் சரி சொன்னதில்லை. கிசூ அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷத்தில் இருந்தார், சுதாரிக்கவில்லை.

புதன்கிழமை, இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெள்ளோட்டம் நடந்தது. முடிந்த கையோடு நிறுவனத்து மேலாளர் போன் செய்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பார்த்தவங்கள்ல ரெண்டு பேர் புகார் அனுப்பியிருக்காங்க. வரைபடத்துல வடக்கு ராஜ்ஜியம் தெரியவே இல்லையாம்."

"கையால மறைச்சுட்டேனோ?"

"வயிறுங்கய்யா."

கிசூ போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வேலை போச்சு. வேலை போனால் சனிக்கிழமை கோஸ்தான் கதி.

"இதுக்குப் போய் மனசை விடுவாங்களா?" என்று ஜாங்மி டீயை நீட்டினாள். "பேசாம அந்த வட்டத்தை எடுத்துக்கோங்க. பிள்ளைங்க பஸ்ல போகும்போது போன்ல பார்க்குதுங்க. எழுத்து பெருசா இருந்தாத்தானே படிக்கும்?"

"அப்போ நான் எங்கே தெரிவேன்?"

"அந்த முகம் ஒண்ணு போதாதா? அதைப் பார்த்துத்தானே நான் ஏமாந்தேன்."

அவர் கண்ணாடியில் போய் முகத்தைப் பார்த்தார். அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று தோன்றியது. அன்று மாலையே வட்டத்துக்கு மாறினார். எப்படியிருந்தாலும் நேரலை நேரலைதானே.

சனிக்கிழமை மேலே கோட்டும் டையும், கீழே பழைய பைஜாமாவுமாகப் பாடத்தை ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஜாங்மி ஒரு பெரிய தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் மடியில் செய்தித்தாளை விரித்தாள். அதன்மேல் பூண்டைக் கொட்டினாள். கிசூ பதறிப்போய் ஒலியை நிறுத்தினார்.

"என்னடி இது?"

"பூண்டு."

"வகுப்பு நடக்குது!"

"நடக்கட்டுமே. வட்டத்துல தலை மட்டும்தானே தெரியுது? கை சும்மாதானே கிடக்கு?"

"கை சும்மா இல்லை. பாடத்தோட பக்கத்தைத் திருப்பணும்."

"நான் திருப்புறேன் அத்தான்" என்று பெரிய மைத்துனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வரைபடத்தை ஒரு தரம் பார்த்தாள். "இப்போ வடக்கு ராஜ்ஜியம் எவ்வளவு பளிச்சுனு தெரியுது!"

கிசூ அவளைப் பார்த்தார். அவள் பூண்டைப் பார்த்தாள். சின்னவள் வாசலிலேயே திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். புகார் எங்கிருந்து போயிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன புண்ணியம்? பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

உரித்தார். கடைசி அரசன் கோட்டைச் சாவியை எதிரியிடம் கொடுக்கும் கட்டம் வந்தது. அந்த நேரம் பார்த்து ஜாங்மி அவர் காலடியில் மிளகாய்த்தூளைக் கொட்டிக் கிளறினாள். கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. மூக்கு சிவந்தது. பூண்டுக் கையால் துடைத்ததில் நிலைமை இன்னும் மோசமானது. நெடி ஏறி, "அரசே..." என்றதோடு பேச்சு நின்றுபோனது.

வகுப்பு முடிந்ததும் மேலாளர் போன் செய்தார். அவர் குரலும் தழுதழுத்தது.

"ஐயா, பிள்ளைங்க உருகிப் போயிட்டாங்க. சரித்திரத்துக்காக அழற வாத்தியாரை யாரும் பார்த்ததே இல்லையாம். வேலை நிரந்தரம். ஒண்ணே ஒண்ணு, அந்த வட்டத்தை மட்டும் மாத்திடாதீங்க."

கிசூவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டையைச் சரி செய்துகொண்டு சமையலறைக்குள் போனார்.

"கேட்டியா? இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு வகுப்பு. எந்த வேலையும் சொல்லக் கூடாது."

வெந்த பன்றிக்கறித் துண்டைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டி அவர் வாயில் ஊட்டினாள் ஜாங்மி.

"சொல்லவே மாட்டேன். அடுத்த வாரம் பெரியவ வீட்டு கோஸ் இங்க வருது, அதுக்கடுத்த வாரம் சின்னவ வீட்டுது. தலையைப் பிள்ளைங்களுக்குக் குடுங்க, கையை மட்டும் எங்ககிட்ட விட்டுடுங்க."