பாயிண்ட் அண்ணன் வெட்டாத பத்திரிகை

மலாக்கா மாநிலத்திலேயே கல்யாணப் பத்திரிகையைப் படிக்காமல், தடவிப் பார்த்தே தரம் சொன்ன ஒரே மனிதர் எங்கள் பாயிண்ட் அண்ணன்தான். மாப்பிள்ளை யார், பெண் யார், எந்தக் கோயில், என்ன நேரம், எதுவும் அவருக்கு வேண்டாம். இரண்டு விரலுக்கு நடுவே அட்டையை வைத்து ஒரு தேய்ப்பு. கண்ணை மூடிக்கொள்வார். “ம்ம்... நல்ல கனம். கண்டிப்பா வர்றேன்லா!”

தொண்ணூறுகளில் நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவர் ஃபிட்டர், நான் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. தோட்டத்து வீடுகளில் அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்த கதவு. அவரிடம் ஒரு பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் இருந்தது. மஸ்ஜித் தானாவில் யாரோ கோழிக் கொட்டகையில் போட்டு வைத்திருந்ததை விலைபேசி, சீட்டின் மேல் அடைகாத்த கோழி குஞ்சு பொரிக்கும் வரை காத்திருந்து ஓட்டி வந்தாராம். நம்பமாட்டீர்கள், நானும் நம்பவில்லை. சீட்டில் ஒட்டியிருந்த இறகைக் காட்டினார்.

அந்தக் காலத்து எஞ்சினில் பாயிண்ட் என்று ஒன்று உண்டு. இரண்டு குட்டி உலோகப் பொட்டுகள் தொட்டும் விலகியும் நெருப்புப்பொறியை உண்டாக்கும். விலகும் இடைவெளி கொஞ்சம் மாறினாலும் வண்டி இருமும், தும்மும், படுத்துவிடும். அந்த இடைவெளியை அளக்கக் கடையில் தகடு விற்கிறார்கள். அண்ணன் வாங்கமாட்டார். “கல்யாண கார்டுதான்யா சரியான அளவு. தகடு பாயிண்ட்ட கீறிடும்” என்பார்.

சொன்னதோடு விட்டாரா? ஆலையில் எடைமேடை பார்த்த பெருமாள் மாமா, மனைவியோடு தாம்பூலத் தட்டு ஏந்தி, மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். அண்ணன் பத்திரிகையை வாங்கினார், தடவினார், கத்தரிக்கோலை எடுத்தார், அவர்கள் கண் முன்னாலேயே மஞ்சள் தடவிய மூலையை நறுக்கினார். மாமாவின் மனைவி, அந்த அக்கா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

“ஐயையோ! நல்ல காரியத்துக்குக் கொடுத்த கார்ட வெட்டுறானே பாவி!”

“மாப்பிள்ள பேரு பத்திரமா இருக்குக்கா. மூலைய மட்டும்தான் எடுத்தேன்.”

அந்த மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த பிறகுதான் அக்கா அவரோடு மறுபடி பேசினார்.

அண்ணனுக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் அதே பாயிண்ட். பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் வழியில் வண்டி படுக்கும். இவர் ரோட்டோரம் குந்தி, எவனோ ஒருவன் கல்யாணப் பத்திரிகையின் துண்டை நுழைத்துச் சரிசெய்து, வடை ஆறிப்போன பிறகு கறுத்த கையோடு போய் நிற்பார். இரண்டு சம்பந்தம் இப்படியே போயிற்று. “இதுவும் போச்சுன்னா உன்ன தல முழுகிடுவேன்” என்று சொல்லித்தான் அவருடைய கூடப்பிறந்த அக்கா மூன்றாவதாகப் புக்கிட் பெருவாங்கில் ஓர் இடம் பார்த்தார். பெண் பெயர் சரஸ்வதி. மின்னணுத் தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்துப் பார்த்து அனுப்பும் வேலை.

அன்றைக்கும் நாங்கள் தாமதம். பின்சீட்டில் போன எனக்கே வெட்கமாக இருந்தது. தட்டோடு வந்த சரஸ்வதி தரையைப் பார்க்கவில்லை, நேராக அண்ணனைப் பார்த்தார்.

“ஏன் லேட்டு?”

யாராவது இதற்கு உண்மையைச் சொல்வார்களா? அண்ணன் சொன்னார். தட்டிலிருந்து இரண்டு லட்டுகளை எடுத்து, தொடவைத்தும் விலக்கியும், எஞ்சின் சத்தத்தை வாயாலேயே போட்டு, பாயிண்ட் பாடத்தை முழுசாக நடத்தி முடித்தார். பெண்ணின் அப்பா திறந்த வாயை மூடவில்லை. முன்னாலேயே வந்திருந்த அண்ணனின் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

சரஸ்வதி மட்டும் கடைசி வரை கேட்டார். “அதுக்கு எலக்ட்ரானிக் போடலாம்லா? ஒரு டப்பா, ரெண்டு வயரு. தேயவும் தேயாது, அளக்கவும் வேணாம்.”

ஒரு லட்டு கீழே உருண்டது.

“எனக்கு உங்கள பிடிச்சிருக்கு” என்றார் சரஸ்வதி. அலாமாக்! பெரியவர்கள் நடுவில், முகத்துக்கு நேராக! “ஆனா அத மாத்திடுங்க. கல்யாணத்தன்னிக்கும் நான் ஒக்காந்து காத்திருக்க முடியாது. மாத்தலன்னா வேற எடம் பாத்துக்குங்க.”

அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

“யோவ் கிராணி, பாயிண்ட் போறதுக்கு முன்னாடி இருமும், தும்மும், சொல்லிட்டுத்தான் போகும். எலக்ட்ரானிக் சொல்லாம கொள்ளாம போயிரும்யா.”

“அண்ணே, சரஸ்வதியும் சொல்லாம கொள்ளாம போயிருவாங்க.”

மறுவாரமே டப்பாவை வாங்கி மாட்டிவிட்டார். ஒரே மிதியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தோட்டமே கைதட்டியது. அண்ணன் முகம் மட்டும் எழவு வீட்டுக்காரர் முகமாக இருந்தது.

“என்னண்ணே, ஒரே மிதியில வந்திருச்சே!”

“அதான்யா பயமா இருக்கு.”

கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். அலங்கரித்த காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி மோட்டாரில் ஏறினார் மாப்பிள்ளை. பின்னால் நான், மடியில் மாலைப் பையோடு. ஜாசினைத் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை நிற்கும் ஒரு நீண்ட ரோட்டில், இருமல் இல்லை, தும்மல் இல்லை, எஞ்சின் பட்டென்று நின்றது. எனக்கும் நெஞ்சு கூடவே நின்றது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

அண்ணன் பதறவில்லை. சீட்டைத் திறந்தார். உள்ளே, துணியில் சுற்றி, பழைய பாயிண்ட்!

“அடப்பாவி அண்ணே! கல்யாணத்துக்கு இதையுமா தூக்கிட்டு வந்தீங்க?”

டப்பாவைக் கழற்றினார், பாயிண்டை மாட்டினார். இனி இடைவெளி வைக்க அட்டை வேண்டும். பழைய துண்டையெல்லாம், கல்யாணத்துக்காக வீட்டைப் பெருக்கும்போது அக்கா குப்பையில் போட்டுவிட்டார். என் சட்டைப் பையில் ஒன்றே ஒன்று இருந்தது, அவருடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகை. தடவிப் பார்த்தேன். நல்ல கனம்.

“இந்தாங்கண்ணே, வெட்டுங்க!”

கையை நீட்டியவர், பாதியில் இழுத்துக்கொண்டார். “வேணாம்யா.”

“என்னாது?”

“அவ பேரு போட்டிருக்குய்யா.”

“ஊர்ல உள்ளவன் கார்டெல்லாம் வெட்டுனீங்களே! மூலையிலதான் ஒண்ணும் இல்லயே!”

“இருந்தாலும் மனசு வரலய்யா” என்று எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அடுத்து அவர் செய்ததைப் பார்த்து நான் மயங்கி விழாதது என் பெற்றோர் செய்த புண்ணியம். வந்த செம்பனைக் குலை லாரியைக் கைகாட்டி நிறுத்தினார். மழைத்தூறலுக்கே சட்டையைக் கழற்றிப் போர்த்துவாரே, அந்த மோட்டாரை ரோட்டோரம் தன்னந்தனியாக விட்டுவிட்டு ஏறினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குலைகளின் மேல் என்னோடு நின்றபடி வந்து, முள் கிழித்த பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை மண்டபத்தில் இறங்கியபோது நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். முகூர்த்தம் தப்பவில்லை. மணவறையில் உட்கார்ந்ததும் சரஸ்வதி குனிந்து கேட்டது எனக்கும் கேட்டது.

“மோட்டார் எங்க?”

“ரோட்டுல. டப்பா போயிருச்சு.”

“தனியாவா விட்டுட்டு வந்தீங்க?” அவர் கண் கலங்கிவிட்டது. “கைலதான் பாயிண்ட் இருந்துருக்குமே?”

“இருந்துச்சு. கார்டு உன் பேரு போட்டது. வெட்ட மனசு வரல.”

தாலி ஏறியது. பந்தியில் உட்காரும் முன் சரஸ்வதி ஒரு கத்தரிக்கோல் கேட்டார். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. என் பையிலிருந்த பத்திரிகையை வாங்கி, கூறைப் புடவையோடு நின்று, மூலையை நறுக்கினார். “தாலி ஏறுன கையோட இப்படி செய்றியே!” என்று அவர் அப்பா அலறினார். சரஸ்வதி அந்தத் துண்டைப் புருஷன் கையில் வைத்தார்.

“வாங்க, நானும் வர்றேன். யாராச்சும் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க.”

சொந்தக்காரர்கள் வந்த வேனிலேயே போனோம். அண்ணன் ரோட்டோரம் குந்தி இடைவெளி வைக்க, இரண்டு பேர் மாலையையும் பிடித்தபடி புதுப்பெண் பக்கத்தில் நின்றார். இரண்டாவது மிதியில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சரஸ்வதி, “உள்ள வயர ஈயம் வச்சுப் பத்தவச்சது சரியில்ல. நானா இருந்தா இத பாஸ் பண்ணியிருக்கவே மாட்டேன்” என்றார்.

சில வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அச்சகத்தில் நான் இரண்டே விஷயம் சொன்னேன். அட்டை நல்ல கனமாக இருக்கவேண்டும். ஒரு மூலையைக் கொஞ்சம் பெரிதாகவே வெறுமையாக விடவேண்டும்.

“மூல எதுக்கு சார்?” என்றார் அச்சகக்காரர்.

“எங்க அண்ணனுக்கு” என்றேன்.