தொய்வில்லாத துறை

ஒரு படகைக் கட்டுவதற்குக் கயிறு வேண்டும், கயிற்றைச் சுற்றுவதற்கு இரும்புக் கொம்பு வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும் என்றுதான் அந்தப் படகுத்துறை வெகுகாலம் அறியாமையில் கிடந்தது. மேலாளர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய், ஒரு புகைப்படத்தோடு திரும்பி வந்தபிறகுதான் அதற்கு விடிவு பிறந்தது. படத்தில் சின்னப் படகுகள் வரிசையாக நின்றன. ஒரு கயிறுகூடத் தொங்கவில்லை.

மறுநாளே உத்தரவு ஒட்டப்பட்டது. தொய்வு என்பது அலட்சியத்தின் அடையாளமாதலால், இனி கயிறுகளில் எள்ளளவும் தொய்வு அனுமதிக்கப்பட மாட்டாது. நாளைக் காலை ஆணையர் நேரில் வந்து பார்வையிடுவார். மிக விறைப்பாகக் கட்டப்பட்ட படகுக்குக் கேடயம் வழங்கப்படும்.

ஒட்டியவள் உதவி அலுவலர். வீட்டிலேயே முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் என்பதால் துறையில் அவளுக்கு ‘டிகிரி’ என்று பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புகைப்படத்தை உற்றுப் பார்த்தவள், அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

“சார், இது ஏரி.”

“இருக்கட்டுமே.”

“ஏரியில தண்ணி ஏறி இறங்காது சார். நம்மது கடல். இழுத்துக் கட்டினா, தண்ணி வத்தும்போது படகு அந்தரத்துல தொங்கும்.”

மேலாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். “ஒரு ஏரியே அவ்வளவு ஒழுங்கா இருக்குன்னா, நம்ம கடல் எவ்வளவு ஒழுங்கா இருக்கணும்? யோசிச்சுப் பாரும்மா. ஆமா, உன் நிரந்தர ஃபைலும் ஆணையர் கையிலதானே இருக்கு?”

அவள் யோசித்துப் பார்த்தாள். கடலின் மேல்தான் தப்பு என்று தோன்ற ஆரம்பித்தது.

சாயங்காலம் துறைக்கு ஓடினாள். மாமாவின் படகு அங்கேதான் நின்றது. அவர் வீட்டில் அடுப்பு எரிவது அதை நம்பித்தான்.

“மாமா, நீங்க மட்டும் கொஞ்சம் விட்டுக் கட்டுங்க. யாருக்கும் தெரியாது.”

மாமா படகின் பின்கொம்பில் கட்டி முடித்துவிட்டு, முன்கொம்பில் கயிற்றை எட்டு வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றி, காலை உதைத்து இழுத்துக்கொண்டிருந்தார். “போடி டிகிரி! பக்கத்துப் படகுக்காரன் எப்படிக் கட்டியிருக்கான் பாரு. தட்டினா வீணை மாதிரி சத்தம் வருது. கேடயத்தை அவன் தூக்கிட்டுப் போக, நான் கைதட்டிக்கிட்டு நிக்கணுமா?”

“தண்ணி இறங்கும் மாமா.”

“எனக்குத் தெரியாதா? பொறந்ததுல இருந்து பாக்கிறேன். அதுக்குள்ள ஆணையர் பாத்துட்டுப் போயிடுவாரு.”

மறுநாள் காலை, தண்ணீர் துறையின் விளிம்புவரை நின்றது. இராத்திரி தளர்த்தி விட்டிருந்த கயிறுகளை எல்லோரும் மறுபடி இழுத்துக் கட்டியிருந்தார்கள். கயிறுகள் புகைப்படத்தையே வெட்கப்பட வைத்தன. எல்லாம் தயார், ஆணையரைத் தவிர.

தண்ணீருக்குக் காத்திருந்து பழக்கமில்லை. அது இறங்கியது. கயிறுகள் முனகின. படகுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அவிழ்ப்பவன் கேடயத்தை இழந்துவிடுவானே! டிகிரி மாமாவின் கயிற்றில் கை வைத்தாள்.

“கையை எடும்மா!” என்றார் மேலாளர். “நீ அவிழ்க்கிற நேரம் பாத்து அவரு வந்துட்டா?”

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா வானத்தைப் பார்த்தார். அவள் கையை எடுத்துவிட்டாள்.

ஆணையர் வந்தபோது படகுகள் எல்லாம், துணி காயப் போட்டதுபோல், துறைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. கீழே சேறு மினுங்கியது.

“இது என்ன?” என்றார் ஆணையர்.

“சொல்லும்மா” என்றார் மேலாளர்.

டிகிரி படித்த படிப்பெல்லாம் ஒன்றுசேர்ந்து பேசியது. “படகுகளின் அடிப்பாகத்தையும் தாங்கள் பார்வையிட ஏதுவாக, உயர்த்திக் காட்சிப்படுத்தியிருக்கிறோம், சார்.”

ஆணையர் படியிறங்கிக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “எத்தனையோ துறை பாத்திருக்கேன். அடிப்பாகத்தை எவனும் காட்டினதில்லை!”

அப்போது மாமாவின் படகு படாரென்று நடுவில் பிளந்தது. இரண்டு பாதிகளும் தத்தம் கொம்பில் தொங்கின.

ஆணையர் நெகிழ்ந்துபோனார். “படகே போச்சு, கயிறு தொய்யலை பாத்தீங்களா! இதுதான் ஒழுங்கு.”

கேடயம் மாமாவுக்கே கிடைத்தது. டிகிரியின் வேலை அங்கேயே நிரந்தரமானது.

மறுநாள் அவள் மேசையைச் சுற்றிப் படகுக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். என்ன கேட்பார்கள் என்று தெரியும். இராத்திரி முழுக்க மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள்.

“இது என்னம்மா நியாயம்?” என்று பக்கத்துப் படகுக்காரர் கத்தினார். “உன் மாமாங்கிறதாலதானே அவரு படகு மட்டும் உடைஞ்சுது? அடுத்த தடவை எங்க படகும் உடையணும். அதுக்கு என்ன செய்யணும், சொல்லு!”

அடுக்கி வைத்த வார்த்தைகளை டிகிரி விழுங்கிக்கொண்டாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மனு கொடுங்க. பரிசீலிக்கிறோம்.”