நொய்யல் மேற்கே பாய்ந்த வருஷம்

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஞானசம்பந்தம் தமது இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒரே ஒரு தவறுதான் செய்தார். அதைத் தவறு என்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்காக அவர் செய்த காரியங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் கூடிப்போகும். அவற்றையெல்லாம் அவர் கடமை என்ற தலைப்பில் வைத்திருந்தபடியால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அறுபதுகளின் கடைசி அது. திருப்பூரில் அப்போது இரண்டு சரக்குகள் மும்முரமாக உற்பத்தியாகிக்கொண்டிருந்தன. ஒன்று பனியன், மற்றொன்று விழா. நாலு பேர் சேர்ந்தால் ஒரு மன்றம், மன்றம் என்றால் ஒரு தலைவர், தலைவர் என்றால் ஒரு பொன்னாடை. இந்தக் காற்று பள்ளிக்கூடங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆற்றோரத்துப் பள்ளி, வீரபாண்டிப் பக்கத்துப் பள்ளி உட்பட ஐந்து பள்ளிகள் கூடி 'ஐம்பள்ளி அறிவொளிப் போட்டிக் குழு' என்று ஒன்றைத் தோற்றுவித்தன. கல்வி இலாகாவின் டெப்டி இன்ஸ்பெக்டர் குமாரசாமி தலைவர். பனியன் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் புரவலர். ஆற்றோரத்துப் பள்ளி ஞானசம்பந்தம் செயலாளர். தலைவர் என்றால் மாலை போட்டுக்கொள்பவர். புரவலர் என்றால் மாலை வாங்கித் தருபவர். கேள்வி எழுதுவது, விடை எழுதுவது, தாள் திருத்துவது, பெஞ்சு தூக்கிப் போடுவது ஆகிய மற்ற எல்லாவற்றையும் செய்பவர் செயலாளர். ஞானசம்பந்தம் அந்தப் பதவிக்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருந்தார். வீட்டில் பால்காரர் நோட்டிலும் அதைக் குத்தியதாக அவர் மனைவி சாரதாமணி சொல்வாள்.

பரிசு சாமானியமானதல்ல. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் முதலாவதாக வருகிறவருக்கு, ஆறாவதிலிருந்து பதினொன்றாவது வரை ஆறு வருஷப் படிப்புச் செலவு முழுவதும் பொங்கியண்ணன் பொறுப்பு. இரண்டாம் பரிசு ஒரு பவுண்டன் பேனா. மூன்றாம் பரிசு பனியன் இரண்டு.

ஐம்பது கேள்விகள். பதினேழாவது கேள்வி: 'நொய்யல் ஆறு எத்திசை நோக்கிப் பாய்கிறது?'

ஞானசம்பந்தத்தின் குறிப்பு நோட்டில் 'நொய்யல் மேற்கே தோன்றிக் கிழக்கே பாய்கிறது' என்று சரியாகத்தான் இருந்தது. விடைப் பட்டியலுக்காக அதைச் சுருக்கும்போது முதல் திசையை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார். 'மேற்கு.' அதே சுருக்கத்தைத் தம் வகுப்பிலும் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்திருந்தார். ஆகவே அவர் வகுப்புக் கந்தப்பன் என்ற பையன் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினான். வீரபாண்டிப் பக்கத்துப் பள்ளியில் படித்த மயிலாள் என்ற பெண் நாற்பத்தொன்பது வாங்கினாள். ஆற்றோரத்துப் பள்ளி எந்தப் போட்டியிலும் முதலாவதாக வந்தது அதுவே முதல் தடவை. வாத்தியார் அன்று வீட்டுக்குப் போகும்போது சாரதாமணிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் மயிலாளும் அவள் அம்மா மாரக்காளும் வந்து நின்றார்கள். மாரக்காள் பொங்கியண்ணன் கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவள்.

"ஏனுங்க சார், ஒரே ஒண்ணுதான் தப்புன்னாங்க. அது எதுன்னு புள்ளைக்குக் காட்டோணுமுங்க. நேத்திலிருந்து சோறு திங்க மாட்டேங்குது."

வாத்தியார் பெருந்தன்மையோடு விடைத்தாளை எடுத்துக் காட்டினார். பதினேழாவது கேள்வி. 'கிழக்கு.' மேலே சிவப்பு மசியில் பெருக்கல் குறி.

மயிலாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆறு கிழக்கதானுங்க சார் போவுது?"

"எதை வெச்சு சொல்றே, கண்ணு?"

"போன ஐப்பசி வெள்ளத்துல எங்கம்மா செருப்பு அடிச்சுக்கிட்டுப் போச்சுங்க. மேக்க மங்கலத்துப் பக்கம் போகலீங்க. கிழக்க காசிபாளையத்துப் பக்கம்தானுங்க போச்சு."

"ஆமாங்க சார், புதுச் செருப்புங்க" என்றாள் மாரக்காள்.

ஞானசம்பந்தத்துக்கு அப்போதுதான் நோட்டிலிருந்த முழு வாக்கியமும் கண்ணில் வந்து நின்றது. 'தப்பு நடந்து போச்சு' என்ற மூன்று சொற்கள் தொண்டை வரைக்கும் வந்தன. அங்கே ஏற்கெனவே 'செயலாளர்' என்ற சொல் உட்கார்ந்திருந்ததால் இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டன.

"செருப்பெல்லாம் ஆதாரமாகாது, கண்ணு. முறைப்படி மேல்முறையீட்டு மனு எழுதிக் குடு."

மயிலாள் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். முத்து முத்தான கையெழுத்து. போகும்போது மாரக்காள் சொன்னாள்: "மொதப் பரிசு வந்தா மேக்கொண்டு படிக்கட்டும், இல்லீன்னா அடுத்த மாசத்திலிருந்து கம்பெனில பனியன் மடிச்சுக் குடுக்கற கைமடி வேலைக்கு வரட்டும்னு அவங்கப்பன் சொல்லிப்போட்டாருங்க. பேனாவ வெச்சு நாங்க என்னங்க பண்றது?"

சாயங்காலம் சாரதாமணியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"தப்புன்னு சொல்லிப்போட்டு மார்க்கப் போட வேண்டியதுதானுங்க?" என்றாள் அவள்.

"சொல்லலாம். நாளைக்கு அஞ்சு பள்ளிக்கூடத்துலயும் என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"இப்ப மட்டும் என்னங்க பேசறாங்க?"

வாத்தியார் மனுவின் மேல் ஸ்டாம்பு குத்தினார்.

மனு டெப்டி இன்ஸ்பெக்டருக்குப் போயிற்று. குமாரசாமி கெட்டவரல்லர். வெளியிட்ட எதையும் திரும்பப் பெறக்கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய கொள்கை. நாலாம் நாள் பதில் வந்தது. 'வெளியிடப்பட்ட விடையை மாற்ற விதிகளில் இடமில்லை. எனினும் மனுதாரர் ஆற்றின் மேல் பிராது கூறியிருப்பதால் ஆற்றை நேரில் விசாரிப்பது அவசியமாகிறது.'

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தலைவர், புரவலர், செயலாளர் மூவரும் பொங்கியண்ணனின் காரில் போய் நொய்யல் பாலத்தருகே இறங்கினார்கள். டெப்டி கூலிங் கிளாஸ் அணிந்திருந்தார். அந்த வருஷம் அதிகாரிகள் எல்லோரும் அணிந்தார்கள்.

சித்திரை மாதம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும் முள்ளும், நடுவில் குளம்போல் ஒரு தேங்கலும் இருந்தன.

"பாயாத ஆத்துக்குத் திசை ஏது?" என்றார் டெப்டி. "கேள்வியே யோசிக்க வேண்டியதா இருக்குதே."

"கேள்வியும் அச்சாயிருச்சுங்க" என்றார் ஞானசம்பந்தம்.

"அப்ப சரி. கேள்வி சரியானதுதான்."

பொங்கியண்ணன் காரியவாதி. ஆளை அனுப்பிச் சாயப்பட்டறையிலிருந்து இரண்டு பீப்பாய் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஆற்றில் கொட்டினார்கள். தண்ணீர் கிழக்கே போகவில்லை, மேற்கே போகவில்லை, நேரே கீழே மணலுக்குள் போய்விட்டது. "மூணாவது திசையொண்ணு காட்டுதுங்களே" என்றார் பொங்கியண்ணன். அது குறிப்பில் ஏறவில்லை.

பிறகு டெப்டி, காரில் கிடந்த மாலையிலிருந்து ஒரு செவந்திப்பூவைப் பிய்த்துத் தேங்கலில் போட்டார். மூவரும் கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். அன்றைக்குக் கிழக்குக் காற்று. பூ மெல்ல நகர்ந்து மேற்குப் பக்கமாக இரண்டு முழம் போய் ஒரு பாசியில் மாட்டி நின்றது.

"மேற்கு!" என்றார் டெப்டி.

"காத்துங்க..." என்று ஆரம்பித்தார் ஞானசம்பந்தம். டெப்டி கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "காத்து... நல்லா வீசுதுங்க" என்று செயலாளர் முடித்தார்.

சாட்சியும் வேண்டுமல்லவா? ஆற்றுக்குள் கழுதை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, இந்த ஆறு எந்தப் பக்கம் போவுதுங்க?" என்று பொங்கியண்ணன் கேட்டார்.

பெரியவர் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். "அது எங்கீங்க போவுது? இங்கயேதானுங்க கெடக்குது."

அறிக்கையை எழுதியது ஞானசம்பந்தம்தான். 'நேர்முக ஆய்வில் மலரானது ஐயத்துக்கு இடமின்றி மேற்கே ஏகியது. உள்ளூர்ச் சாட்சி, ஆறு எங்கும் செல்லவில்லை என வாக்குமூலம் அளித்தார். ஆறு கிழக்கே செல்வதாக ஆய்வின்போது எவரும் கூறவில்லை.' எழுதி முடித்து இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். மனசாட்சி உறுத்தியது, ஆனால் நடை நன்றாக இருந்தது. 'ஏகியது' என்ற சொல்லை அவர் அதற்கு முன் எங்கும் உபயோகித்ததில்லை.

அறிக்கை வந்தபின் டெப்டி சும்மா இருக்க முடியுமா? ஐந்து பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை போயிற்று. 'மறு உத்தரவு வரும்வரை நொய்யல் மேற்கே பாய்வதாகவே கற்பிக்கப்பட வேண்டும்.' ஆசிரியர்கள் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஒருவர், மேற்கே போனால் அது எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டு எழுதினார். 'அது இவ்வருஷப் பாடத்தில் இல்லை' என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் பிறகு ஞானசம்பந்தத்துக்கு ராத்தூக்கம் கெட்டது. கைமடிக்கிற பலகைக்கு முன்னால் மயிலாள் உட்கார்ந்திருப்பதுபோலவே தோன்றியது. உண்மையைச் சொல்லும் வழி ஒன்றைத் தவிர மற்ற எல்லா வழிகளையும் யோசித்தார். கடைசியில் பொங்கியண்ணனிடம் போய் நின்றார்.

"அந்தப் புள்ளையும் கெட்டிக்காரிங்க. இன்னொரு மொதப் பரிசு குடுத்தா உங்க பேரு எங்கேயோ போயிருமுங்க."

"குடுத்தாப் போவுது" என்றார் பொங்கியண்ணன். "நம்ம மாரக்கா புள்ளைதானுங்களே."

டெப்டியும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. மனு நிலுவையில் இருக்கும் ஒருவருக்குப் பரிசு தர விதியில்லை. மேடையில், எல்லோர் முன்பும், அவள் சரியான விடையைச் சொல்லி மனுவை வாபஸ் வாங்க வேண்டும்.

பரிசளிப்பு விழாவுக்கு முந்தின நாள் ஞானசம்பந்தம் சைக்கிளை மிதித்துக்கொண்டு மாரக்காள் வீட்டுக்கே போனார். விஷயத்தைக் கேட்டதும் மாரக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள். மயிலாள் கும்பிடவில்லை.

"மேற்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கண்ணு. ஆறு வருஷம் படிச்சுக்கலாம்."

"நீங்க தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதாதுங்களா, சார்?"

வாத்தியார் சைக்கிள் மணியைத் துடைத்தார். "எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், கண்ணு."

"எனக்குப் பத்து வயசுங்க" என்றாள் அவள். வாத்தியார் வந்த வேலை முடிந்ததுபோல் சைக்கிளைத் திருப்பினார்.

அன்று ராத்திரி மேற்கே மலையில் கோடை மழை கொட்டித் தீர்த்துவிட்டது. விடிந்தால் நொய்யல் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றோரத்துப் பள்ளியில்தான் விழா. மைதானத்துச் சுவர் இடுப்புயரம்தான். பந்தலில் எங்கே உட்கார்ந்தாலும் ஆறு தெரிந்தது. வேரோடு வந்த வாழைமரங்கள் கிழக்கே போயின. ஒரு கட்டில் கிழக்கே போயிற்று. பொன்னாடை போர்த்தும்போதெல்லாம் சனங்கள் மேடையைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்தார்கள்.

முதல் பரிசு வாங்க வரிசையில் நின்ற கந்தப்பன் மெதுவாக வாத்தியாரின் வேட்டியை இழுத்தான்.

"சார், ஆறு கிழக்க போவுதுங்க."

"புது வெள்ளம்டா. வழி தெரியாமப் போவுது. நீ நேராப் பாரு."

கந்தப்பன் பரிசு வாங்கினான். அடுத்து மயிலாளைக் கூப்பிட்டார்கள். தோய்த்த பாவாடையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக மேடை ஏறினாள். டெப்டி மைக்கை அவள் உயரத்துக்குத் தாழ்த்தினார்.

"சொல்லம்மா. நொய்யல் ஆறு எத்திசை நோக்கிப் பாய்கிறது?"

பந்தல் அடங்கிவிட்டது. ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. மயிலாள் ஆற்றைப் பார்த்தாள், முன்வரிசையில் நின்ற அம்மாவைப் பார்த்தாள், ஞானசம்பந்தத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மைக்கில் தெளிவாகக் கேட்டாள்:

"பரீட்சைக்குங்களா, நெசத்துக்குங்களா?"

டெப்டி ஒரு கணம்தான் திகைத்தார். "பரீட்சைக்குத்தான்."

"அப்ப மேற்குங்க."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டலைத் திருப்பூர் கண்டதில்லை. முதலில் தட்டியது ஞானசம்பந்தம். மாரக்காள் அழுதாள். "இந்தப் புள்ள ஒரு நாளைக்குப் பெரிய ஆபீசரா வருமுங்க!" என்று பொங்கியண்ணன் மைக்கைப் பிடுங்கிச் சொன்னார். முன்வரிசைத் தாய்தகப்பன்மார் தத்தம் பிள்ளைகளின் தொடையைக் கிள்ளி, "பாத்தியா, புத்தின்னா இப்பிடி இருக்கோணும்" என்றார்கள். சொல்லிவிட்டு ஆற்றின் பக்கம் திரும்பி, கட்டில் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பார்த்தார்கள்.

ஞானசம்பந்தம் நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்: 'மாணவி தன் பிழையை உணர்ந்து திருத்திக்கொண்டாள்.' 'தன்' என்ற சொல்லின் மேல் பேனா சற்று நின்றது. டெப்டி எட்டிப் பார்த்ததால் மேலே நகர்ந்துவிட்டது.

கந்தப்பனும் மயிலாளும் ஆறு வருஷம் படித்தார்கள். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. சுற்றறிக்கை மட்டும் இன்றுவரை ரத்தாகவில்லை. ரத்து செய்வதென்றால் யாராவது மனுக் கொடுக்க வேண்டும். ஆறு எந்தப் பக்கம் போகிறதென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த எல்லோரிலும் மனுக் கொடுத்தது பத்து வயதுப் பெண் ஒருத்திதான். அதையும் நாம் கைதட்டி வாபஸ் வாங்க வைத்துவிட்டோம்.